பறிக்கப்பட்ட பதக்கங்கள்: ஜிம் தோர்ப்பின் வாழ்க்கை

ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஓடியும் தாண்டியும் எறிந்தும் நேர்மையாக வென்ற பதக்கங்களை, ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டபோது, மறுபேச்சின்றி அனுப்பி வைத்தவர் ஜிம் தோர்ப். அவர் பந்தயத்தில் யாரையும் ஏமாற்றவில்லை. மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை. கோடைக் காலத்தில் சில டாலர் கூலிக்குப் பந்து விளையாடினார். அதுதான் அவர் மீது சாட்டப்பட்ட குற்றம். பறித்தது 1913-ல். அவருக்கே உரியவை என்று முழுமையாகத் தீர்ப்பானது 2022-ல். இடையில் 109 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவரும் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகிவிட்டன.

மாணவியரே, மாவட்டப் போட்டிகளுக்குப் போகும்போது நீங்கள் ஒரு தகுதிப் படிவம் நிரப்புகிறீர்கள் அல்லவா? வயது, வகுப்பு, தலைமை ஆசிரியை கையொப்பம் என்று அதில் பல கட்டங்கள் இருக்கும். அக்காலத்தில் உலகப் பந்தயங்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்களுக்கும் இருந்த தகுதிகளுள் தலையாயது, ஆடுபவர் அமெச்சூராக இருக்க வேண்டும் என்பது. அதாவது, விளையாட்டினால் ஒரு காசும் சம்பாதித்திருக்கக் கூடாது. கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகத்தான் தோன்றுகிறது. அது யாரைக் காத்தது, யாரைத் தண்டித்தது என்பதற்கு தோர்ப்பின் வாழ்க்கையே சாட்சி.

அவர் பிறந்தது 1887-ஆம் ஆண்டு மே மாதம். இன்று ஓக்லஹோமா மாநிலமாக இருக்கும் பகுதி அப்போது இந்தியப் பிரதேசம் எனப்பட்டது. நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் தாம் கண்ட மக்களுக்கு வைத்துவிட்ட தவறான பெயர் நிலைத்துவிட்டது. செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் குறிப்பிட்ட அமெரிக்கப் பழங்குடி மக்களில் ஸாக்-ஃபாக்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவர் அவர் தந்தை ஹைரம். தாய் ஷார்லட் பொட்டவாட்டமி இனத்தவர்; கத்தோலிக்கர். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டது. குலவழக்கப்படி வைத்த பெயர் வா-தோ-ஹக். ஒளி வீசும் பாதை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

அவருடன் பிறந்த இரட்டைச் சகோதரன் சார்லி. இருவரும் ஒன்றாகவே காட்டில் திரிந்தார்கள். ஒன்றாகவே பள்ளிக்குப் போனார்கள். ஒன்பது வயதளவில் சார்லி நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப்பின் ஜிம்முக்குப் பள்ளி பிடிக்கவில்லை. அனுப்பிய இடங்களிலிருந்தெல்லாம் வீட்டுக்கு ஓடி வந்தார். சில ஆண்டுகளில் தாயும் மறைந்தார். 1904-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளிக்கு ஜிம் அனுப்பப்பட்டார். அவர் அங்கே சேர்ந்த சிறிது காலத்திலேயே தந்தையும் காலமானார்.

கார்லைல் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1879-ல் ரிச்சர்ட் பிராட் என்ற இராணுவ அதிகாரி, பயனின்றிக் கிடந்த படைவீட்டுக் கட்டடங்களில் அதைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து வெகுதூரம் பிரித்துக் கொண்டுவந்து, தலைமுடியை வெட்டி, சீருடை போட்டு, தாய்மொழி பேசத் தடை விதித்து, அவர்களை வெள்ளையரைப்போல ஆக்கிவிட வேண்டும் என்பது நோக்கம். அரைநாள் படிப்பு, அரைநாள் தொழில். கோடையில் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வீடு திரும்பாமலே இறந்துபோன நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகளும் அங்கே இருந்தன. அண்மை ஆண்டுகளில்தான் அவர்களில் சிலரது எலும்புகள் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டுச் சொந்த மண்ணுக்குப் போயின. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியர் இதை வாசிக்கும்போது, விடுமுறைக்கு வீடு செல்லும் தம் உரிமையை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே ஒரு மாலை, 1907-ஆம் ஆண்டு, மாணவர்கள் உயரம் தாண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். குறுக்குக் கம்பு 5 அடி 9 அங்குலத்தில் இருந்தது. ஒருவராலும் தாண்ட முடியவில்லை. வேலை உடுப்போடு அந்த வழியே வந்த ஜிம், தாமும் முயலலாமா என்று கேட்டு, ஒரே தாவில் தாண்டிவிட்டுப் போய்விட்டார். செய்தி பயிற்சியாளர் வார்னரின் காதுக்கு எட்டியது. பாப் வார்னர் என்று அமெரிக்கா முழுவதும் அறிந்த அம்மனிதர் மறுநாளே அவரை அழைத்துத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார்.

ஓட்டமும் தாண்டுதலும் மட்டுமன்று, அமெரிக்கக் கால்பந்திலும் தோர்ப் தனித்து நின்றார். அந்த ஆட்டம் நம் ஊர்க் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், எதிரி மேலே விழுந்து மடக்குவதுமான முரட்டு ஆட்டம். 1911-ல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை கார்லைல் 18-க்கு 15 என்ற கணக்கில் தோற்கடித்தது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய தோர்ப், நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினார். மறு ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியையும் 27-க்கு 6 என்று வீழ்த்தினார்கள். அன்று எதிரணியில் ஆடிய மாணவர்களுள் ஒருவர் ஐசனோவர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.

இந்த ஆட்டங்களுக்குப் பார்வையாளர் கூட்டம் அலைமோதியது. நுழைவுக் கட்டணமாகப் பெரும் பணம் வந்தது. அப்பணம் வார்னர் நிர்வகித்த விளையாட்டு நிதிக்குச் சென்றது. அவர் சம்பளமும் அதிலிருந்துதான். ஆடிய பையன்களோ, விதிப்படி, அமெச்சூர்கள். தோர்ப்புக்கு ஊரில் நிலம் இருந்தது. ஆனால் அந்த நிலத்தின் வருமானம்கூட அரசாங்க அதிகாரியின் பொறுப்பில் இருந்ததால், தம் சொந்தப் பணத்தைக் கேட்டு அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பழங்குடியினர் அனைவரும் அந்நாட்டுக் குடிமக்களே என்று சட்டம் வந்தது 1924-ல்தான். தம் சொந்த நாட்டிலேயே வெளிநாட்டாரைப்போல நடத்தப்பட்ட மக்கள் அவர்கள்.

இனி அந்தக் கோடைக்கு வருவோம். 1909-ல் தோர்ப் சக மாணவர் இருவரோடு தென்பகுதிக்குப் போய், வட கரோலினா மாநிலத்தில் ராக்கி மவுண்ட் என்ற ஊர் அணிக்காகப் பேஸ்பால் ஆடினார். அடுத்த ஆண்டும் அந்த வட்டாரத்திலேயே ஆடினார். கிடைத்த கூலி ஆட்டத்துக்கு 2 டாலர் என்பார் சிலர். வாரத்துக்கு 35 டாலர் வரை என்பார் சிலர். எப்படியும் பண்ணைக் கூலியைவிடச் சற்று மேல், அவ்வளவே. அக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் கோடையில் இப்படி ஆடிச் சம்பாதித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். கல்லூரி திறந்ததும் அமெச்சூராகத் திரும்பி வந்துவிடுவார்கள். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். அந்த ஊர்ப் பத்திரிகைகளில் ஆட்ட விவரங்களோடு அவர் பெயர் அச்சாகியிருந்தது. மறைக்க வேண்டிய காரியம் என்று அவர் நினைத்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?

1911-ல் வார்னர் அவரை மீண்டும் கார்லைலுக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவிருந்தன. அக்காலத்தில் கார்லைலில் வணிகப் பாடங்கள் கற்பித்து வந்த இளம் ஆசிரியை மேரியன் மூர். தோர்ப்பும் அவருடைய மாணவர். இந்த ஆசிரியையே பின்னர் அமெரிக்காவின் பெரும் கவிஞர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஸ்டாக்ஹோமில் தோர்ப் கலந்துகொண்ட முக்கியப் போட்டிகள் இரண்டு. ஒன்று பென்டாத்லான் என்னும் ஐவகைப் போட்டி. நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 200 மீட்டர் ஓட்டம், வட்டு எறிதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய ஐந்தில் நான்கில் அவர் முதலிடம். ஈட்டியில் மட்டும் மூன்றாமிடம். மற்றொன்று டெகாத்லான் என்னும் பத்துவகைப் போட்டி. மூன்று நாள் நடந்தது. அதற்கிடையே அவருடைய காலணிகள் காணாமற்போய்விட்டன என்றும், எங்கிருந்தோ கிடைத்த பொருந்தாத இரண்டு காலணிகளை மாட்டிக்கொண்டு ஆடினார் என்றும் சொல்வார்கள். இரு கால்களிலும் வெவ்வேறு காலணியும் காலுறையுமாக அவர் நிற்கும் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. முடிவில் அவர் பெற்ற புள்ளிகள் 8,412. இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹ்யூகோ வீஸ்லாண்டருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 700 புள்ளிகள் இடைவெளி! கார்லைல் மாணவரான லூயி டெவானிமா என்ற ஹோப்பி இனத்து வீரரும் அதே பந்தயங்களில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பரிசளித்த சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ், உலகின் தலைசிறந்த விளையாட்டு வீரர் இவரே என்று தோர்ப்பைப் பாராட்டியதாகவும், அவர் கூச்சத்தோடு சுருக்கமாக நன்றி சொன்னதாகவும் கூறுவர். மன்னரின் பரிசாக ஒரு வெண்கலச் சிலையும், ரஷ்யச் சக்கரவர்த்தியின் பரிசாகக் கப்பல் வடிவில் அமைந்த வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தன. நியூயார்க் நகரில் ஊர்வல வரவேற்பு நடந்தது.

ஆறே மாதம். 1913 ஜனவரியில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகர நாளிதழ் ஒன்று, தோர்ப் முன்பே பணத்துக்குப் பேஸ்பால் ஆடியவர் என்ற செய்தியை வெளியிட்டது. பரபரப்பு மூண்டது. அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்தை நடத்திவந்தவர் ஜேம்ஸ் சல்லிவன். ஒலிம்பிக் குழுவின் செயலாளரும் அவரே. விளையாட்டுப் பொருள் வணிகத்தில் பெயர் பெற்ற ஸ்பால்டிங் கம்பெனியைச் சார்ந்த பதிப்பகம் ஒன்றின் தலைவராகவும் இருந்தார். விளையாட்டினால் பிழைப்பு நடத்துவது அவருக்குத் தடையாக இல்லை. 1904-ல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் பல நாட்டுப் பழங்குடி மக்களைக் கொண்டுவந்து, பழக்கமில்லாத பந்தயங்களில் ஓடவிட்டு வேடிக்கை காட்டிய நிகழ்ச்சியில் பங்கு வகித்தவரும் இவரே.

தோர்ப் சல்லிவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை எழுதுவதில் வார்னரின் கை இருந்தது என்பது ஆராய்ந்தவர்கள் பலரின் கருத்து. ஆம், ஆடினேன் என்று அக்கடிதம் ஒப்புக்கொள்கிறது. பணத்துக்காக அல்ல, ஆட்டத்தின் மீதிருந்த ஆசையால் ஆடியதாகவும், உலக நடப்பு அறியாத பள்ளிச் சிறுவனாக இருந்ததாகவும், மற்றவர்களைப்போலப் பெயரை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை என்றும் சொல்லி, கடுமை காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளரும் தமக்கு எதுவுமே தெரியாது என்று கைகழுவிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் தம் சிறந்த வீரன் எங்கே போயிருந்தான் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதாம்! நம்ப முடிகிறதா?

சங்கம் தோர்ப்பின் அமெச்சூர் தகுதியை நீக்கியது. அனைத்துலக ஒலிம்பிக் குழு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பதக்கங்களும், மன்னர் தந்த சிலையும், சக்கரவர்த்தியின் கிண்ணமும் கப்பலேறின. இத்தனைக்கும், வீரர்களின் தகுதியைப் பற்றிய புகார்களைப் பரிசளிப்புக்குப் பின் 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் பந்தயங்களின் விதியே சொன்னது. ஒரு விதியை மீறினார் என்று அவரைத் தண்டித்தவர்கள், அவரைக் காத்திருக்கக்கூடிய இன்னொரு விதியைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவருக்காக வாதாட ஒரு வழக்கறிஞரும் இல்லை. முதலிடத்துக்கு உயர்த்தப்பட்ட வீஸ்லாண்டரோ, தமக்கு உரியதன்று எனக் கருதி அந்தத் தங்கத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஐவகைப் போட்டியில் இரண்டாவதாக வந்த நார்வே வீரர் ஃபெர்டினாண்ட் பீயும் அவ்வாறே மனமொப்பவில்லை.

இந்த அமெச்சூர் விதி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துக் கனவான்களிடமிருந்து வந்தது. பரம்பரைச் சொத்துள்ளவர்களுக்கு விளையாட்டில் காசு தேவையில்லை. புகழ்பெற்ற ஹென்லி படகுப் பந்தயத்தில் 1879-ல் வகுத்த விதி, கைத்தொழிலாளரும் கூலி உழைப்பாளரும் அமெச்சூர் ஆக மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது. 1920-ல் அப்பந்தயத்துக்கு விண்ணப்பித்த அமெரிக்கர் ஜாக் கெல்லி திருப்பியனுப்பப்பட்டார்; அவர் செங்கல் அடுக்கிய கொத்தனார். அவர் சார்ந்த படகுக் கழகத்தின் மீதும் அவர்களுக்குப் பழைய மனக்கசப்பு இருந்தது. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். மொனாக்கோ நாட்டு இளவரசியான கிரேஸ் கெல்லி அவருடைய மகள்தான்.

அவ்விதி இன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களே ஆடித் தங்கம் வென்றார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவ வீரர்களும் தம் பெயராலும் படத்தாலும் விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் அனுமதி வந்துவிட்டது. ஆனால் மாணவர் விசாவில் அங்கே படிக்கப் போகும் வெளிநாட்டு வீரர்களுக்கு வேலை செய்து சம்பாதிப்பதில் குடிநுழைவுச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. ஒரே அணியில், ஒரே சீருடையில், ஒருவர் தயக்கமின்றி வாங்கும் பணத்தை மற்றவர் தொடத் தயங்க வேண்டியிருக்கிறது. சம்பாதிக்கத் தகுதி உண்டா இல்லையா என்ற கேள்வி விளையாட்டுச் சங்கத்தை விட்டுக் குடிநுழைவு அலுவலகத்துக்கு மாறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தோர்ப்பின் கதையைத் தொடர்வோம். அமெச்சூர் இல்லை என்று ஆகிவிட்டதால் அவர் தொழில்முறை வீரரானார். 1913-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில், கார்லைலில் உடன் படித்த ஐவா மில்லர் என்ற பெண்ணைக் கார்லைல் நகரத்துப் புனித பேட்ரிக் ஆலயத்தில் மணந்தார். உடனே அணியினரோடு உலகச் சுற்றுப்பயணம். ஜப்பான், ஆஸ்திரேலியா என்று சென்ற அக்குழு 1914-ன் தொடக்கத்தில் நமக்கு அண்டை ஊரான கொழும்பிலும் ஆடியது! அங்கிருந்து எகிப்து சென்று, ரோமாபுரியில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதரையும் தரிசித்தது.

1914-ல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு கார்லைல் பள்ளியின் கணக்குகளை ஆராய்ந்தது. கண்காணிப்பாளர் பதவியிழந்தார். வார்னர் வேறு கல்லூரிக்குப் போய் இன்னும் பெரும் புகழ் பெற்றார். பள்ளி 1918-ல் மூடப்பட்டது.

1920-ல் தொழில்முறைக் கால்பந்து அணிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவராக தோர்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று உலகில் பெரும் செல்வத்தோடு இயங்கும் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக் அதுவே. 1922, 1923 ஆண்டுகளில் பழங்குடி வீரர்கள் மட்டுமே கொண்ட ஓர் அணியை அவர் நடத்தினார். அவ்வணியின் உரிமையாளர் ஒரு நாய் வியாபாரி. இடைவேளையில் அவருடைய நாய்களின் வித்தைகளை வீரர்கள் காட்ட வேண்டும். நல்ல வீரர்களுக்கு வந்த நிலையைப் பாருங்கள்!

குடும்ப வாழ்வில் அமைதி இல்லை. முதல் மகன் சிறு வயதிலேயே இறந்தான். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவேயில்லை என்பார்கள். குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. மணவாழ்வு முறிந்தது; பின்னர் செய்துகொண்ட திருமணமும் அவ்வாறே. வயது ஏறியதும் ஆட்டமும் நின்றது. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டினார். ஹாலிவுட் திரைப்படங்களில் கூட்டத்தில் ஒருவராகவும் இந்தியர் வேடத்திலும் நடித்தார். தம் வாழ்க்கைக் கதையின் உரிமையை 1931-ல் 1,500 டாலருக்கு விற்றார். இருபது ஆண்டுகள் கழித்து அது பர்ட் லங்காஸ்டர் நடித்த பெரிய படமாக வெளிவந்தது.

1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே ஒலிம்பிக் நடந்தது. அனுமதிச் சீட்டு வாங்கப் பணமின்றி அவர் இருக்கிறார் என்ற செய்தி பரவியது. பந்தயங்களைத் தொடங்கி வைக்க வந்திருந்த துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ், காவ் என்ற பழங்குடி மரபில் வந்தவர். அவர் தோர்ப்பைத் தம்மோடு மாடத்தில் அமரச் செய்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

1950-ல் அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு உதட்டில் புற்றுநோய் கண்டபோது அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கப் பணமில்லை; தருமச் சிகிச்சையாகவே நடந்தது. 1953 மார்ச் 28-ஆம் நாள் கலிஃபோர்னியா மாநிலத்து லோமிடா என்ற ஊரில் மாரடைப்பால் இறந்தார்.

இறந்த பின்னும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓக்லஹோமாவில் குலமுறைப்படி இறுதிச் சடங்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே மூன்றாம் மனைவி உடலை எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்ற இரண்டு சிற்றூர்கள் ஒன்றாக இணைந்து, தோர்ப்பின் பெயரையே தம் பெயராகச் சூட்டிக்கொண்டு, 1954-ல் அவ்வுடலைப் பெற்றுக்கொண்டன. அந்த ஊரில் அவர் உயிரோடு காலடி வைத்ததாகத் தெரியவில்லை. தந்தையைத் தம் மக்களிடையே அடக்கம் செய்ய வேண்டுமென்று 2010-ல் தொடுக்கப்பட்ட வழக்கில் மகன்மார் முதலில் வென்றனர், மேல்முறையீட்டில் தோற்றனர். 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. உடல் அங்கேயே இருக்கிறது.

பதக்கங்களின் கதைக்குத் திரும்புவோம். 1952 முதல் 1972 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் அவெரி பிரண்டேஜ் என்ற அமெரிக்கர். 1912-ல் இதே ஐவகை, பத்துவகைப் போட்டிகளில் தோர்ப்போடு போட்டியிட்டுப் பின்தங்கியவர். அமெச்சூர் கொள்கையில் விடாப்பிடியானவர். அவர் இருந்தவரை பதக்கங்களைத் திருப்பித் தரும் பேச்சுக்கு இடமே இல்லை. தோர்ப்பின் பெண்மக்கள் முயற்சியைக் கைவிடவில்லை. 1973-ல் அமெரிக்க அமெச்சூர் சங்கம் அவர் தகுதியை மீண்டும் அளித்தது. ஒலிம்பிக் குழு அசையவில்லை.

அசைத்தது ஒரு பெண்மணியின் தேடல். தோர்ப்பின் வாழ்க்கையை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ரிட்லனும் சான்றுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில், புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு சிறு கையேட்டை ரிட்லன் கண்டெடுத்தார். 1912 பந்தயங்களின் விதிப்புத்தகம் அது. 30 நாள் கெடு அதில் அச்சில் இருந்தது. எழுபது ஆண்டுகளாக எவரும் தேடிப் படிக்காத ஒரு வரி! நூலகத்தில் தூசி தட்டிப் புத்தகம் தேடச் சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க.

1982 அக்டோபரில் ஒலிம்பிக் குழு இறங்கி வந்தது. 1983 ஜனவரியில் மகள் கேல், மகன் வில்லியம் கைகளில் புதிதாக வார்த்த பதக்கங்கள் தரப்பட்டன. ஆயினும் முழு நியாயம் கிடைக்கவில்லை. பீயோடும் வீஸ்லாண்டரோடும் இணைந்து வெற்றி பெற்றவர் என்றுதான் எழுதினார்கள். 700 புள்ளி முந்தியவரும் பிந்தியவரும் சமம் என்ற விசித்திரக் கணக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

பழங்குடி மக்களின் அமைப்பினர் விடாது கேட்டுவந்தார்கள். வீஸ்லாண்டர் குடும்பத்தாரிடமும், சுவீடன், நார்வே நாடுகளின் ஒலிம்பிக் குழுக்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது, யாரும் மறுக்கவில்லை. 2022 ஜூலை 15-ஆம் நாள், ஸ்டாக்ஹோமில் அவர் பத்துவகைப் போட்டியை வென்று சரியாக 110 ஆண்டுகள் நிறைந்த அன்று, இரு போட்டிகளிலும் தனி வெற்றியாளர் ஜிம் தோர்ப் ஒருவரே என்று அறிவிப்பு வெளியாயிற்று. 2024-ல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. ஒலிம்பிக் ஏடுகளில் 1912-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இப்போது பீயும் வீஸ்லாண்டரும் இரண்டாமிடத்தில், வெள்ளிப் பதக்கத்தோடு இருக்கிறார்கள்.